வீட்டு வழிபாட்டிடமும் அதில் வைக்கும் பொருள்களும்

வீட்டில் வழிபாட்டிடம் அமைக்க விரும்புவோர் முதலில் கேட்பது பெரும்பாலும் திசையையும் உயரத்தையும் பற்றித்தான். அவற்றுக்கு விடை உண்டு. ஆனால் அந்த விடை எல்லா மரபுகளுக்கும், ஏன், ஒரே வீட்டு மாடத்தில் உள்ள எல்லாப் பொருள்களுக்கும்கூடப் பொதுவானதன்று. ஒரு பொருளை அதன் மரபு என்னவாகக் கொள்கிறது என்பது தெரிந்த பிறகே, அதை எங்கே வைப்பது, எதைக் கொண்டு துடைப்பது, உடைந்தால் என்ன செய்வது என்னும் கேள்விகளுக்குத் தெளிவான பதில் கிடைக்கும். சில பொருள்களில் தெய்வம் நிலையாக உறைவதாக மரபு கருதுகிறது. சிலவற்றில் தெய்வம் அழைக்கப்பட்டு வந்து, பூசை முடிந்ததும் திரும்பிச் செல்கிறது. சில பொருள்கள் மனத்தை ஒருமுகப்படுத்தும் படங்களே அன்றி வேறல்ல. இன்னும் சிலவற்றில் புனிதம் உருவத்தில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. கடையில் வாங்கும்போது இவை யாவும் ஒரே அலமாரியில் ஒரே விலைச்சீட்டோடு நிற்பதால் இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை.

நிலையாக உறைவனவும் வந்துபோவனவும்

சைவ ஆகமங்கள் வழிபாட்டை இரண்டாகப் பிரிக்கின்றன. ஊர் நலனுக்காகக் கோயிலில் நடப்பது பரார்த்த பூசை. தீட்சை பெற்ற ஒருவர் தம்பொருட்டுத் தம் இல்லத்தில் செய்வது ஆன்மார்த்த பூசை. ஆன்மார்த்த பூசைக்குரிய இலிங்கம் குருவின் கையிலிருந்து பெறப்படுவது. பெற்றவர் வாழ்நாள் முழுதும் நாள் தவறாமல் அதைப் பூசிக்கக் கடமைப்பட்டவர். ஸ்மார்த்தர்களின் பஞ்சாயதன பூசையில், அதாவது ஐந்து தெய்வங்களை ஒரே தட்டில் வைத்து வழிபடும் முறையில், உருவச் சிலைகளுக்கு மாறாக ஐந்து இயற்கைக் கற்கள் இடம்பெறுகின்றன: விநாயகருக்குச் சோணை ஆற்றின் சிவந்த கல், சிவனுக்கு நர்மதையின் பாணலிங்கம், திருமாலுக்கு நேபாளத்துக் கண்டகி ஆற்றின் சாளக்கிராமம், அம்பிகைக்கு ஆந்திரத்துச் சுவர்ணமுகி ஆற்றுக் கல், சூரியனுக்குத் தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில் கிடைக்கும் ஸ்படிகம். இவை பிறப்பிலேயே இறைவடிவம் என்று கருதப்படுவதால், மந்திரத்தால் உருவத்தில் உயிர் நிறுவும் பிராணப் பிரதிஷ்டை இவற்றுக்குத் தேவைப்படுவதில்லை. சாளக்கிராமத்தைப் புவியியலாளர் அம்மோனைட் என்னும் பழங்காலக் கடலுயிரியின் புதைபடிவமாகப் பார்க்கிறார். அந்த உயிரியின் ஓட்டுச் சுருளையே வைணவ மரபு திருமாலின் சக்கரமாகக் காண்கிறது.

பிரதிஷ்டை வேண்டாம் என்பதால் பொறுப்பு குறைந்துவிடுவதில்லை, கூடவே செய்கிறது. நாள்தோறும் நீராட்டு, துளசி, நைவேத்தியம் என்னும் ஒழுங்கு இல்லாத வீட்டில் சாளக்கிராமத்தை அழகுப் பொருளாக வாங்கி வைப்பது, விருந்தினரை அழைத்து உட்கார வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவதைப் போன்றது. பூசை ஒழுங்கைத் தொடர முடியாதவர்களுக்குச் சட்டமிட்ட படமும் ஒரு விளக்கும் போதும். இப்படிச் சொல்வது மரபைத் தளர்த்துவதாகாது. வீட்டில் வைக்கும் திருவுருவம் கட்டைவிரல் கணு அளவிலிருந்து ஒரு சாண் வரையே இருக்கலாம் என்று மச்ச புராணம் வரையறுப்பதன் பின்னாலும் இதே எண்ணம் இருக்க வேண்டும். ஆள் உயரத் திருமேனிக்கு ஆள் உயரச் சேவை தேவைப்படும், அதைக் குடும்பத்தால் தாங்க இயலாது.

வந்துபோகும் வகைக்குத் தமிழ் வீடுகளில் எளிய சான்று மஞ்சளில் பிடித்து வைக்கும் பிள்ளையார். பூசையின் தொடக்கத்தில் ஆவாகனம் செய்து, அதாவது தெய்வத்தை அதில் எழுந்தருள அழைத்து, முடிவில் சற்று வடக்கே நகர்த்தி விடைகொடுத்த பிறகு, அது மீண்டும் மஞ்சள்தான். நீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றலாம். விநாயகர் சதுர்த்திக் களிமண் உருவமும் இவ்வகையே. அதை நீரில் இடுவதன் நோக்கம் மண் மண்ணோடு சேர்வதாகும். பாரிஸ் சாந்தில் வார்த்து வண்ணம் அடித்த உருவம் கரையாமல் நீர்நிலையில் கிடப்பது சூழலுக்கு மட்டுமல்ல, சடங்கின் பொருளுக்கும் எதிரானது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-இல் வெளியிட்டு 2020-இல் திருத்திய நெறிமுறைகள் பாரிஸ் சாந்து உருவங்களை விலக்கி இயற்கைக் களிமண்ணை வலியுறுத்துகின்றன. சிறிய களிமண் பிள்ளையாரை வீட்டிலேயே ஒரு வாளி நீரில் வைத்தால் கரைந்துவிடும். கரையாமல் நின்றால் விற்றவர் சொன்ன களிமண் எத்தகையது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

நவராத்திரிக் கொலுவும் தவணைக்குட்பட்ட வழிபாட்டிடமே. விஜயதசமி இரவு ஒரு பொம்மையையாவது படுக்க வைத்து, மறுநாள் படிகளைக் கலைப்பது வழக்கம். மெக்சிகோவில் நவம்பர் முதல் இரு நாள்களில் இறந்தோருக்காக வீடுகளில் எழுப்பப்படும் ஒஃப்ரெண்டா என்னும் படையல் மேடையும் இவ்வாறு கட்டிக் கலைக்கப்படுவதுதான். மறைந்தவரின் நிழற்படம், அவர் விரும்பி உண்ட பண்டங்கள், தண்ணீர், மெழுகுதிரி, கோபால் என்னும் மரப்பிசின் புகை ஆகியவற்றோடு அங்கே குவிக்கப்படும் ஆரஞ்சு நிறப் பூ, தமிழ்நாட்டுப் பூக்கடைகளில் செண்டுமல்லி என்ற பெயரில் மாலையாகத் தொங்குவதுதான். அந்தச் செடியின் பூர்விகம் மெக்சிகோ. சீன வீடுகளில் அடுப்பங்கரைத் தெய்வத்தின் அச்சுப்படம் ஆண்டு முழுதும் அடுப்புக்கு மேலே இருந்து, சந்திர ஆண்டின் கடைசி மாதம் 23 அல்லது 24-ஆம் நாளில் எரிக்கப்படுகிறது. வீட்டு நடப்பை மேலுலகில் சொல்லப் புறப்படும் அந்தத் தெய்வத்தின் வாயில் முன்னதாகத் தேனோ இனிப்போ தடவிவிடுவார்கள். புத்தாண்டில் புதிய படம் ஒட்டப்படும். இத்தகைய மரபுகளில் பழைய படத்தைப் பாதுகாத்து வைப்பதுதான் தவறு.

இடமும் திசையும்

கீழைத் திருச்சபையைச் சேர்ந்த ரஷ்ய வீடுகளில் திருவோவியங்கள், அதாவது ஐகான்கள், நுழைவோரின் கண்ணில் உடனே படும் ஒரு மூலையில், வழக்கமாகக் கிழக்கு அல்லது தென்கிழக்கு மூலையில், சற்று உயரமாக வைக்கப்படுகின்றன. உள்ளே வருபவர் வீட்டாரை வணங்குமுன் அந்த மூலையை நோக்கிச் சிலுவை அடையாளம் இட்டுக்கொள்வது பழைய வழக்கம். கத்தோலிக்க இல்லப் பீடத்துக்குத் திசைக் கட்டுப்பாடு இல்லை. குடும்பம் கூடி முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்ல இடம் இருக்கிறதா என்பதே அங்கு முக்கியம். இஸ்லாத்தில் வீட்டுப் பீடம் என்ற கருத்தே இல்லை. திசை மட்டும் தவறாமல் பேணப்படுகிறது: மக்காவின் கஅபாவை நோக்கிய கிப்லா, தமிழ்நாட்டிலிருந்து மேற்கே சற்று வடக்காகச் சாய்ந்தது. ஆகவே தொழுகைப் பாயை விரிக்கத் தூய்மையான தரையும், தொழுபவரின் முன்னே உருவப்படம் தொங்காத சுவரும் இருந்தால் போதுமானது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோருக்கு ஜப்பானியரின் ஒரு வழக்கம் கவனிக்கத்தக்கது. ஷிந்தோ மரபில் கமிதானா என்னும் தெய்வ மாடம் தெற்கு அல்லது கிழக்கு நோக்கி, தலைக்கு மேலான உயரத்தில் அமைக்கப்படும். அதன்மேல் எவரும் நடக்கக் கூடாது என்பது விதி. மேல்தளத்தில் வேறொரு குடும்பம் இருக்கையில் இந்த விதியைக் காப்பது இயலாததால், மாடத்துக்கு நேர்மேலே விட்டத்தில் ‘மேகம்’ என்னும் எழுத்தைத் தாளில் எழுதி ஒட்டிவிடுகிறார்கள். அதற்கு மேலே வானம்தான் என்பது அதன் உட்கிடை. மேல்வீட்டுக் குளியலறைக்கு நேர்கீழே பூசையறை வந்துவிட்டதே என்று கவலைப்படும் தமிழ்க் குடும்பங்கள் சுவரை இடித்துக் கட்டுமுன் இப்படியும் ஒரு மரபு தன் விதியை விட்டுக்கொடுக்காமல் வளைத்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

திசையைவிட அவசரமானது நெருப்பு. பழைய வீடுகளின் விளக்கு மாடம் சுவரைக் குடைந்து அமைத்தது. கல்லும் சுண்ணாம்பும் சுடரால் கருகுமே தவிரப் பற்றிக்கொள்ளாது. இன்று பூசை அலமாரிகள் பெரும்பாலும் ஒட்டுப்பலகையால் செய்யப்பட்டு, அதே அலமாரியின் மேல்தட்டில் படங்களும் பட்டுத்துணியும் பஞ்சாங்கமும் அடுக்கப்படுகின்றன. ஏற்றிய விளக்கு எதுவும் தட்டுக்கு அடியில் நிற்கக் கூடாது. விளக்கை அலமாரிக்கு முன்னே தரையில், தாம்பாளத்தில் வைப்பதே நல்லது. சுடருக்கு மேலே மூன்று அடியாவது வெற்றிடம் இருக்கட்டும். செயற்கை இழைத் திரைச்சீலை பூசையறைக்கு ஆகாது.

பலகையும் பொன்னும்

தஞ்சாவூர் ஓவியமும் ரஷ்ய, கிரேக்கத் திருவோவியங்களும் ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்தவை. ஆயினும் இரண்டின் உடற்கூறும் வியக்கத்தக்க அளவில் ஒன்றே. இரண்டிலும் அடியில் மரப்பலகை; அதன்மேல் ஒட்டப்பட்ட துணி; துணியின்மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசி வழவழப்பாக்கிய தளம்; அதன்மேல் பொன் தகடும் வண்ணமும். தஞ்சாவூரில் பலாப்பலகை, புடைப்பு வேலைக்குச் சுண்ணப் பசை, கண்ணாடிக் கற்கள். ஐகானில் முட்டை மஞ்சட்கருவில் குழைத்த வண்ணமும், மேலே ஒலிஃபா என்னும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய்ப் பூச்சும். உடற்கூறு ஒன்றாக இருப்பதால் நோயும் ஒன்றே. மழைக்காலத்தில் மரம் ஈரம் உறிஞ்சி விரிகிறது, கோடையில் சுருங்குகிறது. மேலே உள்ள சுண்ணத் தளம் அதனுடன் சேர்ந்து அசைய முடியாமல் வெடித்துச் செதில்செதிலாக எழும்புகிறது. ஆகவே வெளிச்சுவரிலும், குளிரூட்டியின் காற்று நேரே படும் இடத்திலும் இவற்றை மாட்டக் கூடாது. சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்று புகும்படி பின்புறம் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டிவிடுவது எளிய காப்பு. கரையான் ஏறினாலும் அந்த இடைவெளியில் மண்கோடு விரைவில் கண்ணுக்குப் புலப்படும்.

ஒலிஃபா பூச்சு காலப்போக்கில் விளக்குப் புகையையும் ஏந்திக் கருத்துவிடுகிறது. ஒரு நூற்றாண்டுக்குள் முகமே தெரியாமல் போன ஐகான்கள் ஏராளம். தஞ்சாவூர் ஓவியத்துக்குக் கண்ணாடி இருப்பதால் புகை கண்ணாடியில் படிகிறது. அதைத் துடைக்கையில் நீரைத் துணியில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும், கண்ணாடியில் தெளிக்கக் கூடாது. தெளித்த நீர் சட்டத்தின் கீழ்விளிம்பில் இறங்கிச் சுண்ணத்தைக் கரைத்துவிடும். ஓவியத்தின் பரப்பையே துடைக்கத் துணிவது கூடாது.

காகிதப் படங்கள் எண்ணிக்கையில் எல்லாவற்றையும்விட மிகுதி. ரவி வர்மா 1894-இல் பம்பாயில் நிறுவிய அச்சகத்திலிருந்து வெளிவந்த எண்ணெய்வண்ண அச்சுப்படங்களும், பின்னர் கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்து சிவகாசியில் அச்சாகிய நாள்காட்டிப் படங்களும்தான் பெரும்பாலான தமிழ் வீடுகளின் பூசையறையை நிறைத்தன. கொள்ளுப்பாட்டி கால அச்சுப்படம் ஒன்று கைவசம் இருந்தால், சட்டக் கடைக்காரர் சொல்வதைக் கேட்டுப் பழைய அட்டையை அப்படியே விடாமல், அமிலமற்ற அட்டைக்கு மாற்றச் சொல்ல வேண்டும். படம் பழுப்பேறுவதற்குப் பின்னட்டையின் அமிலமும் காரணம். கண்ணாடியும் படமும் ஒட்டாதபடி இடையில் ஓர் அட்டை விளிம்பும் தேவை. குங்குமத்தைக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் இடலாம். படத்தின்மேலேயே இட்டால் அந்தக் கறை போகாது.

உலோகத்துக்கு வருவோம். சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் சமைத்து, அதைக் காவிரி வண்டல் மண்ணால் மூடி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். வார்ப்பை உடைத்துத்தான் திருமேனியை எடுக்க முடியும் என்பதால் ஒவ்வொன்றும் தனி. செதுக்கு வேலையில் கடைசியாக அமைவது கண் திறத்தல். வாரந்தோறும் புளியும் செங்கற்பொடியும் இட்டுத் தேய்த்தால் முதலில் அழிவது அந்தக் கடைசிக் கோடுதான். பளபளப்பு வேண்டும் என்ற ஆசையால் மூக்கும் கண்ணும் மழுங்கிப்போன திருமேனிகளைப் பழைய வீடுகளில் சாதாரணமாகக் காணலாம். அபிடேகம் முடிந்ததும் பாலும் தயிரும் மடிப்புகளில் தங்காதபடி நீர்விட்டு அலம்பி, பருத்தித் துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்தால் போதும். கருமை படிந்த மேற்பரப்பு உலோகத்துக்கு ஒரு போர்வை. அதைக் களைய வேண்டியதில்லை. பச்சையாகப் பொடிந்து உதிரும் களிம்பு வேறு. அது பரவும் நோய் என்பதால் உரியவரிடம் காட்ட வேண்டும். (ஆன்மாவைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பில் ஏறிய களிம்பைச் சைவ சித்தாந்தம் உவமையாக்கியது, பூசைப் பாத்திரம் துலக்கிப் பழகியவர்களுக்கு உடனே விளங்கும்.)

புளிக்கும் பொடிக்கும் தாராளமாக இடம் தரத்தக்கது குத்துவிளக்கு. அதன் அடி, தண்டு, அகல், உச்சி அன்னம் எல்லாம் திருகிக் கழற்றக்கூடியவை. எண்ணெய்ப் பிசுக்கு இறுகியிருந்தால் சலவைச்சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்த பிறகே தேய்க்க வேண்டும். ஊறாமல் தேய்த்தால் உழைப்பும் வீண், திருகு மரையும் தேயும். வெள்ளிக்கிழமைக்கு விளக்கு வேண்டும் என்றால் வியாழனன்றே துலக்கிவிடுவது பெண்கள் வழிவழியாக வைத்திருக்கும் ஏற்பாடு. வெள்ளிப் பொருள்களுக்குத் திருநீறு போதுமான மென்பொடி.

எழுத்தில் உள்ள புனிதம்

யூத வீடுகளின் வலப்புற நிலைக்கால்களில், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், ஒரு சிறு கூடு பொருத்தப்பட்டிருக்கும். மெசூசா என்பது அந்தக் கூடு அன்று, அதனுள் சுருட்டி வைத்த தோல்சுருள்; இணைச்சட்ட நூலின் இரு பகுதிகளை எழுத்தர் கையால் 22 வரிகளில், 713 எழுத்துகளில் எழுதியது. ஓர் எழுத்து சிதைந்தாலும் சுருள் தகுதி இழக்கிறது; அதனால் ஏழு ஆண்டுகளுக்கு இரண்டு முறை அதைக் கழற்றி எழுத்தரிடம் சரிபார்க்கிறார்கள். வெள்ளியில் இழைத்த அழகிய கூட்டுக்குள் அச்சிட்ட தாள் இருந்தால் மரபின்படி அது வெறுங்கூடே. இறைவன் பெயர் தாங்கிய, பயன்படாத ஏடுகளை எறியாமல் சேர்த்துவைக்கும் இடம் கெனிசா எனப்படும். கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்துக் கெனிசாவிலிருந்து அறிஞர் சாலமன் ஷெக்டர் 1896–97-இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்ற குவியலில் 1,90,000-க்கும் மேற்பட்ட துண்டுகள் இருந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த யூத வணிகர் ஆபிரகாம் பென் யீஜுவின் கடிதங்கள்கூட அதில் கிடைத்தன. எழுத்தை எறியக் கூடாது என்ற தயக்கம் இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் வரலாற்றையே காத்துத் தந்திருக்கிறது.

குர்ஆன் பிரதி வீட்டில் மற்ற நூல்களுக்கு மேலே, தூய துணியில் பொதிந்து வைக்கப்படும். ஒளு செய்து, அதாவது முகம் கை கால்களை முறைப்படி கழுவி, அதைக் கையில் எடுப்பர். ஓதும்போது தரையில் வைக்காமல் ரைஹால் என்னும் மடக்குப் பலகையில் விரிப்பர். நைந்த பிரதியைத் தூய துணியில் சுற்றி, கால் படாத இடத்தில் புதைப்பது பரவலான வழக்கம். தனியே செய்ய இயலாதோர் பள்ளிவாசலில் ஒப்படைக்கலாம்.

சீக்கியரின் குரு கிரந்த சாகிபுக்கு ஒரு நூலுக்குச் செய்யும் இந்த மரியாதைகள் மட்டும் போதா. 1,430 பக்கம் கொண்ட அந்த நூலே வாழும் குரு என்பதால் அதற்குத் தனி அறை, மேற்கட்டி, காலையில் திறந்து வைக்கும் சடங்கு, இரவில் துயில்கொள்ளச் செய்யும் சடங்கு ஆகிய அனைத்தும் வேண்டும். இவை இயலாத வீட்டினர் குட்கா என்னும் சிறு பிரார்த்தனை நூலோடு நின்றுகொள்கிறார்கள். முதிர்ந்த பிரதிகள் பஞ்சாபின் கோயிந்த்வாலில் தகனம் செய்யப்படுகின்றன.

வாங்குதலும் கைமாற்றுதலும்

வலம்புரிச் சங்கு என்று விற்கப்படுபவற்றில் பல, அமெரிக்கக் கடற்கரையில் இயல்பாகவே அந்தப் பக்கம் சுழன்று வளரும் வேறொரு சங்கினம். வாய்ப்பகுதியில் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவிப் பார்த்தால் உண்மையான பூசைச் சங்கில் மூன்று நான்கு புடைத்த மடிப்புகள் தட்டுப்படும். மற்றதில் அப்படி இராது. தந்தத்தால் ஆன பழைய சிலைகளையும் சுரூபங்களையும் விலைக்கு வாங்குவதும் விற்பதும் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். நூறு ஆண்டைக் கடந்த சிலைகளை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் பதிவு செய்ய வேண்டும், அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லவும் முடியாது. பரம்பரைச் சொத்து என்ற காரணம் விமான நிலையத்தில் செல்லாது. கத்தோலிக்கரைப் பொறுத்தவரை புனிதர்களின் திருப்பண்டங்களை விற்பதைத் திருச்சபைச் சட்டத்தின் 1190-ஆம் விதி அறவே தடுக்கிறது.

மந்திரிக்கப்பட்ட, அதாவது குருவானவர் ஆசி வழங்கிய ஜெபமாலை, உத்தரியம், சுரூபம் ஆகியவை தனியார் கையில் இருந்தாலும் உலகியல் பயனுக்கு ஆகா என்பது அதே சட்டத்தின் 1171-ஆம் விதி. உடைந்தால் எரிப்பதோ மண்ணில் புதைப்பதோ வழக்கம். வீட்டுச் சிலுவையில் செருகிய குருத்தோலை அடுத்த ஆண்டு ஆலயத்தில் சேர்ந்து சாம்பல் புதனுக்குச் சாம்பலாகிறது. இந்துக்கள் பின்னமான படங்களை அரசமரத்தடியில் விட்டுவருகிறார்கள். மழையில் நனைந்து, கண்ணாடி உடைந்து, நாய்கள் படுக்கும் இடமாக அது மாறுவதைப் பார்க்கையில் இந்த வழக்கத்தை மரியாதை என்று சொல்லத் தோன்றவில்லை. சட்டத்தைப் பிரித்து, கண்ணாடியை மறுசுழற்சிக்குக் கொடுத்து, காகிதத்தை நீரில் ஊறவைத்துக் கூழாக்கித் தோட்டத்து மண்ணில் இடுவது அதைவிடப் பொருத்தமானது.

ஜப்பானில் புத்சுதான் என்னும் கதவுள்ள புத்த மாடத்தை அகற்ற நேர்ந்தால் முதலில் துறவியை அழைத்து, உருவத்துக்கும் முன்னோர் பெயர்ப்பலகைகளுக்கும் கண் மூடும் சடங்கு செய்விக்கிறார்கள். அதன்பின் அது வெறும் மரப்பெட்டி. குடும்பங்கள் சுருங்கி, கிராமத்து வீடுகள் பூட்டப்பட்டுவரும் அந்நாட்டில் இந்தத் தேவை வளர்ந்து வருகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இதே இடத்துக்கு வந்து நிற்கின்றன: தாத்தா பூசித்த சாளக்கிராமமும் பாணலிங்கமும் பெட்டியில் கிடக்க, எதற்கு என்ன செய்வது என்று கேட்க ஆள் இல்லை. பூசிப்பவர் இருக்கும்போதே ஒரு தாளில், எந்தப் பொருள் யாரிடமிருந்து வந்தது, தீட்சையோடு பெற்றதா கடையில் வாங்கியதா, பிரதிஷ்டை ஆனதா, நாள்தோறும் என்ன நைவேத்தியம், எந்தப் பொருளை யார் ஏற்கச் சம்மதித்திருக்கிறார் என்பவற்றை எழுதி, பூசைப் பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். ஏற்க எவரும் இல்லாத சாளக்கிராமத்தை நித்திய பூசை நடக்கும் இன்னொரு வீட்டுக்கோ மடத்துக்கோ ஒப்படைக்கலாம். கொடுக்கும் அன்று வெறுங்கையோடு போகாமல், சில மாத நைவேத்தியத்துக்கான அரிசியையும் உடன் கொடுப்பது நன்று.